மலைத்தழையும் ராத்திரி மாத்திரையும்

ஏற்காட்டுக்குப் போய்வருகிறவர்கள் ஏரிக்கரைக் கடைகளில் பெரும்பாலும் வாங்கிவருவது காப்பித்தூள், மிளகு, யூகலிப்டஸ் தைலம். எங்கள் வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் கொண்டுவருவார்கள். காப்பித்தூளையும் மிளகையும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். தைலத்தை மட்டும் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் வலிப்பைக் கிளப்பிவிடக் கூடியவை. இந்த எண்ணெய்கள் கலந்த தைலம் தேய்த்த பிறகு, முகர்ந்த பிறகு வலிப்பு வந்தவர்களைப் பற்றி பெங்களூரு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கற்பூரத்தின் கதை இன்னும் பழையது. 1934இல் ஹங்கேரி மருத்துவர் மெடுனா மனநோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பு வரவழைத்துச் சிகிச்சை செய்ய முயன்றபோது, முதலில் ஊசியில் ஏற்றியது கற்பூரத்தைத்தான். சளி பிடித்தால் நான் வெறும் வெந்நீரில் ஆவி பிடிக்கிறேன். குழந்தை இருக்கிற வீட்டில் கற்பூர டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளை கொஞ்சம் தின்றுவிட்டால்கூடச் சில நிமிஷங்களில் வலிப்பு வந்துவிடலாம்.

இதைச் சொன்னால், தழைமருந்து எதையும் நம்பாதவள் என்று என்னை நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நான் பிறந்ததே ஏற்காட்டுக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீட்டில். என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, தழை பார்த்து மருந்து சொல்லும் கை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அடிபட்டாலும் மாந்தம் என்றாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். தழைக்குச் சக்தி உண்டு என்று பார்த்தே வளர்ந்தவள் நான். சக்தி உள்ளது எதுவாக இருந்தாலும், ஏற்கனவே சாப்பிடும் மாத்திரையோடு அது என்ன செய்யும் என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

எனக்குப் பதினாலு வயதில் ஆரம்பித்தது. காலையில் எழுந்த கொஞ்ச நேரத்துக்குள் கை வெடுக்கென்று ஒரு உதறு உதறும். நினைவு நன்றாகவே இருக்கும். தலை வாரும்போது சீப்பு எகிறிப் போய் விழும். காப்பி டம்ளர் கையை விட்டுத் தெறித்து, சுவரெல்லாம் காப்பியாக வழியும். புத்தி எங்கேயோ இருக்கிறது என்று அம்மா திட்டுவார். அது ஒரு நோயின் அறிகுறி என்று எங்கள் லைனில் யாருக்குத் தெரியும்?

பெரிய வலிப்பு முதலில் வந்தது சேலத்தில். ஆடித் திருவிழாவுக்கு குகை என்ற பகுதியில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்கு வந்திருந்தோம். சாமி வேஷம் போட்டவர்கள் வரும் வண்டி வேடிக்கை பார்த்துவிட்டு விடிய விடியக் கண் விழித்திருந்தேன். மறுநாள் காலை வாசலில் நின்றபோது கை உதற ஆரம்பித்தது, அவ்வளவுதான் ஞாபகம். எழுந்தபோது கையில் ஒரு சாவிக்கொத்து, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி, முன்பல்லில் ஒரு துண்டு இல்லை. நாக்கைக் கடித்துக்கொள்ளக் கூடாது என்று யாரோ பாசத்தில் கரண்டிக் காம்பை வாய்க்குள் திணித்திருக்கிறார்கள். அந்தப் பல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

முதலில் காட்டிய டாக்டர் ஃபெனிட்டாய்ன் என்ற வலிப்பு மாத்திரை எழுதினார். பெரிய வலிப்பு குறைந்தது. காலை உதறல் நிற்கவே இல்லை. பிறகு நரம்பியல் டாக்டரிடம் போனபோது அவர் அம்மாவைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "காலையில எந்திரிச்சதும் கையில இருக்கிற சாமான் தெறிச்சு விழுமாம்மா?" அம்மா அங்கேயே அழுதுவிட்டார். வளரிளம் பருவத்தில் வரும் ஒரு வகை வலிப்பு இது. பரம்பரைக் கூறு உண்டு. ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜியில் தெரியும். தூக்கம் கெட்டால் வரும். இந்த வகைக்கு ஃபெனிட்டாய்ன், கார்பமாசிபைன் மாதிரி மருந்துகள் சிலருக்கு உதறலைக் கூட்டிவிடுவதும் உண்டு. மருந்தை வால்ப்ரோயேட்டுக்கு மாற்றினார். சில வாரங்களில் டம்ளர் கையில் நின்றது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது வலிப்பை மட்டும் சொல்லாதீர்கள். உதறல், சில நொடி வெறிச்சென்று பார்ப்பது, எச்சில் முழுங்குவது, வருவதற்கு முன் ஒரு வாடை தெரிவது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். எந்த மாத்திரை என்று முடிவு செய்வதே அதை வைத்துத்தான்.

அம்மாயி விஷயத்துக்கு வருகிறேன். எல்லோருக்கும் மருந்து சொன்ன அம்மாயி எனக்கு மட்டும் ஒரு தழையும் தரவில்லை. அம்மா கேட்டதற்கு, "இது என் கைக்கு அடங்கற நோவு இல்ல கண்ணு. கீழ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ. மாத்திரை குடுத்தா நாள் தவறாம போடச் சொல்லு" என்றார். தன் மருந்துக்கு எல்லை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வல்லாரை பறித்து வந்து துவையல் அரைத்துத் தருவார், அவ்வளவுதான். அதையும் "சோத்துக்குத் தொட்டுக்க" என்றுதான் தருவார், மருந்து என்று சொன்னதில்லை.

எல்லை தெரியாதவரிடம் போனதும் நடந்தது. பெரியப்பா என்மேல் இருந்த பிரியத்தில் ஒரு வைத்தியரைக் கண்டுபிடித்து வந்தார். ஒரு மண்டலம் சூரணம், பூரண குணம், ஆனால் இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினால்தான் சூரணம் வேலை செய்யும் என்பது நிபந்தனை. பொட்டலத்தில் பெயர் இல்லை, என்ன சரக்கு சேர்ந்தது என்ற விவரம் இல்லை. வீட்டில் மாத்திரையை நிறுத்தினார்கள். மண்டலம் முடியவில்லை. ஒரு விடியற்காலையில் வலிப்பு வந்து, நினைவு திரும்பும் முன்னே அடுத்தது வந்து, அதற்கு மேல் இன்னொன்று. சேலம் ஜி.எச். அவசரப் பிரிவில்தான் கண் விழித்தேன். தொடர்ந்து சாப்பிட்ட வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும், உயிரும் போகலாம். மாத்திரையைக் குறைப்பதாக இருந்தாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், டாக்டர் சொல்லிக் குறைக்க வேண்டும்.

எந்த முறை வைத்தியராக இருந்தாலும், "அந்த மாத்திரையை நிறுத்து" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். வலிப்பைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். 1954ஆம் ஆண்டு வந்த மருந்து, மாயப் பரிகார விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் வலிப்பு நோயும் இருக்கிறது. மூலிகை என்று விற்ற பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஃபீனோபார்பிட்டோன் போன்ற வலிப்பு மருந்தையே சொல்லாமல் கலந்து விற்றது நம் நாட்டில் பிடிபட்டிருக்கிறது. நன்றாகத்தானே கேட்கிறது என்று அதைச் சாப்பிடுகிறவர், ஒருநாள் பொட்டலம் தீர்ந்து நிறுத்தினால் கதி என்ன? சில தயாரிப்புகளில் ஈயமும் பாதரசமும் இருக்கும். ஈயம் உடம்பில் ஏறினால் அதுவே வலிப்பை உண்டாக்கும். சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்துப் பதிவு பெற்ற மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது. இரண்டு டாக்டர்களுக்கும் மற்றவர் எழுதிய சீட்டைக் காட்டுங்கள்.

இனி மிளகு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். எனக்கு வாசனையே அதுதான். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின், ஃபெனிட்டாய்ன் மாத்திரை ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டுகிறது. இந்திய மருத்துவர்கள் அந்த மாத்திரை சாப்பிடும் நோயாளிகளிடமே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஃபெனிட்டாய்ன் கொஞ்சம் கூடினாலே நடை தள்ளாடும், கண்மணி ஆடும், பேச்சு குழறும். திப்பிலியிலும் பைப்பரின் உண்டு, ஆகவே சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகச் சூரணமும் இந்தக் கணக்கில் வரும். வழக்கமாகச் சாப்பிடும் ரசத்தைப் பற்றி என் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. மிளகுக் கஷாயம், சூரணம் என்று புதிதாக எதையாவது தினமும் ஆரம்பித்தால் தன்னிடம் சொல்லச் சொன்னார்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். சங்கபுஷ்பி என்ற மூலிகை சேர்ந்த ஒரு ஆயுர்வேதத் தயாரிப்பை, வலிப்புக்கு நல்லது என்ற நம்பிக்கையில் ஃபெனிட்டாயினோடு சாப்பிட்டவர்களுக்கு அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வந்தது. காரணம் தேடி எலிகளில் சோதித்தபோது அந்தத் தயாரிப்பு ஃபெனிட்டாயினின் அளவைக் குறைத்துவிடுவது தெரிந்தது. 1992இல் வெளியான இந்திய ஆய்வு அது. வலிப்புக்கென்று கொடுக்கும் மூலிகையே வலிப்பு மருந்தைக் கெடுக்கிறது. ஞாபகசக்திக்கு என்று விற்கும் கேப்சூல்களில் வல்லாரை, நீர்பிரமியோடு கிங்கோ என்ற மரத்தின் இலைச்சத்தும் சேர்த்திருப்பார்கள். கிங்கோ சாப்பிட்டு வலிப்பு வந்தவர்கள் உண்டு. பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

தாவரத்திலிருந்து வலிப்புக்கு மருந்தே வராது என்றும் சொல்லிவிட முடியாது. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த கேனாபிடியாலை, குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு வகைகளுக்கு 2018இல் அமெரிக்கா மருந்தாக ஏற்றுக்கொண்டது. சுத்தப்படுத்தி, அளவு கண்டு, மற்ற மருந்துகளோடு எப்படிப் போகும் என்று பார்த்து, அதன்பிறகு வந்த மருந்து அது. அதைச் சொல்லிக்கொண்டு யாராவது கஞ்சாவையே கொண்டுவந்தால் விரட்டிவிடுங்கள்.

அன்றாட வாழ்க்கை வலிப்புக்காரர்களுக்குத் தூக்கத்தில் ஆரம்பிக்கிறது. இரவு சாப்பாடு முடிந்ததும் மாத்திரை, பத்து மணிக்குப் படுக்கை. கல்யாண வீடோ, சிவராத்திரியோ, அம்மன் திருவிழாவோ, நான் போவேன், பத்து மணிக்குக் கிளம்பிவிடுவேன். விரதம் இருக்கிற நாளிலும் மாத்திரை உண்டு. மாத்திரை போட்டதற்காக அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்பது என் நம்பிக்கை. வேலை ஒரு ஜவ்வரிசி மண்டியில் கணக்கு எழுதுவது. என் கணவர் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறார். தறிப்பட்டறைகளில் வலிப்பு உள்ள பையன்கள் நைட் ஷிஃப்டில் நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பதறும். முதலாளியிடம் சொல்லிப் பகல் ஷிஃப்டுக்கு மாறுங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப்போய்ச் சொல்லுங்கள்.

நெருப்பும் தண்ணீரும்தான் அடுத்த பயம். கேஸ் அடுப்பில் பின்பக்க பர்னரில் சமைக்கிறேன், பாத்திரப் பிடி உள்பக்கம் பார்த்திருக்கும். கொதிக்கிற குழம்பைத் தூக்கி நடக்க மாட்டேன், தட்டை அடுப்படிக்குக் கொண்டுவந்து பரிமாறுவேன். குளியலறைக் கதவைச் சாத்துவேன், தாழ் போட மாட்டேன். கிணறு, ஏரி, தொட்டிக் குளியல் கிடையாது. முங்கிக் குளிக்க ஆசையாக இருந்தால் நீச்சல் தெரிந்த ஆள், என் விஷயம் தெரிந்த ஆள், பக்கத்தில் இருக்க வேண்டும். மலையில் மிளகு பறிக்க ஏணி ஏறுவதை விட்டே வருஷங்கள் ஆகின்றன. வண்டி ஓட்டுவதில்லை. டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள், பொய் எழுதி வாங்கிவிடலாம் என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. அங்கே சில நொடி நினைவு தப்பினாலும் போதும்.

பஸ்ஸில் மலையேறும்போதும் ஒரு ஜாக்கிரதை. என் வகை வலிப்பு உள்ளவர்களில் பலருக்கு மினுக்கும் வெளிச்சம் ஆகாது. வரிசையாக நிற்கும் மரங்களுக்கு நடுவே சாய்வெயில் அடிக்க, பஸ் வேகமாகப் போகும்போது வெளிச்சம் பளிச் பளிச்சென்று கண்ணில் வெட்டும். எனக்குத் தோள் ஒருமுறை துள்ளும், அதுதான் எச்சரிக்கை. உடனே உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுதாகப் பொத்திக்கொண்டு பார்வையைப் பஸ்ஸுக்குள் திருப்பிவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டால் போதாது, இமை வழியாகவும் மினுக்கல் உள்ளே போகும். கல்யாண மண்டப டிஸ்கோ லைட்டுக்கும் இதே வழிதான்.

மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் மாத்திரையிலும் கண் வேண்டும். வயிற்றுப்போக்குக்குத் தரும் ஆஃப்லாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாட்டிக், வலிக்குத் தரும் டிரமடால் எல்லாம் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. "எனக்கு ஃபிட்ஸ் இருக்குங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

கல்யாணப் பேச்சு வந்தபோது மறைக்கச் சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு. நான் மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்துச் சொன்னேன், மாத்திரைப் பட்டையையும் காட்டினேன். ஒரு காலத்தில் வலிப்பு இருந்தால் இந்துத் திருமணச் சட்டப்படி கல்யாணத்தையே செல்லாததாக்க வழி இருந்தது. 1999இல் அந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கூட இருக்கப் போகிறவருக்கு, வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நிச்சயமானதும் டாக்டர் வால்ப்ரோயேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு லெவெட்டிரசெட்டாமுக்கு மாற்றினார். வால்ப்ரோயேட் கருவிலிருக்கும் குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. ஃபோலிக் ஆசிடும் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஆரம்பித்தார். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை வயது வந்ததுமே டாக்டரிடம் பேசிவிடுங்கள். ஆனால் கர்ப்பம் தெரிந்ததும் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. லெவெட்டிரசெட்டாம் ஆரம்பித்த புதிதில் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அதையும் டாக்டரிடம் சொன்னேன். பக்கவிளைவு, போகப்போகக் குறையும், குறையாவிட்டால் பார்க்கலாம் என்றார். குறைந்தது.

குழந்தை பிறந்த பிறகு தூக்கத்துக்குத்தான் சோதனை. ராத்திரிப் பாலுக்கு அத்தையும் கணவரும் முறை வைத்துக்கொண்டார்கள். பீய்ச்சி வைத்த பாலை அவர்கள் சங்கில் புகட்ட, நான் விடாமல் சில மணி நேரம் தூங்கினேன். குழந்தைக்குத் துணி மாற்றுவது தரையில் பாய் விரித்து, குளிப்பாட்டுவது இன்னொரு ஆள் இருக்கும்போது மட்டும். அத்தை வசம்பு சுட்டு நாக்கில் தடவ வந்தார். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளால் அமெரிக்காவில் 1968லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள் என்பதைச் சொன்னேன். "நாக்குல வேண்டாங்க அத்தை, தொட்டில் கயித்துல கட்டிடலாம்" என்றேன். "ஆகட்டும் சாமி" என்று கட்டிவிட்டார்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதை மண்டியிலும் தறிப்பட்டறையிலும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மணியைப் பாருங்கள். சுற்றியுள்ள கூர்மையான சாமான்களை அகற்றுங்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், நாக்கை யாரும் முழுங்கிவிட முடியாது. உதறல் தளர்ந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். தெளிவாகப் பேசும்வரை தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம். இரும்புச் சாவியால் ஆவது ஒன்றும் இல்லை, பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக நிற்பதால் சாவி நிறுத்தியது போலத் தெரிகிறது. ஐந்து நிமிஷம் தாண்டினாலும், நினைவு வராமல் அடுத்தது வந்தாலும், கர்ப்பிணி என்றாலும், தண்ணீரில் வைத்து வந்திருந்தாலும் 108. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே ஒன்று டாக்டர் எழுதிக் கொடுத்தது என் பையில் எப்போதும் இருக்கும். மலையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஆம்புலன்ஸ் வளைவுகளில் ஏறி வந்து சேரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

போன மாதம் மலைக்குப் போயிருந்தபோது லைன் வீட்டில் ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொன்னார். பையனுக்கு வலிப்பு வருவது எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் மட்டும். காத்துக் கருப்பு என்று கயிறு கட்டியிருந்தார்கள். நான் கேட்டேன், "தலையில வெந்நீரா ஊத்தறீங்கக்கா?" மலைக்குளிர், ஆவி பறக்கிற வெந்நீரைத்தான் சொம்பு சொம்பாக ஊற்றுகிறார்கள். தலையில் வெந்நீர் ஊற்றும்போது வரும் வலிப்பு என்றே ஒரு வகை இருக்கிறது, தென்னிந்தியாவில், அதிலும் கர்நாடகத்தில், நிறையப் பேருக்கு உண்டு, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இதைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். கயிறு இருக்கட்டும், தண்ணீரை வெதுவெதுப்பாக விளாவுங்கள், தலைக்குக் கொஞ்சமாக ஊற்றுங்கள், குளிக்கும்போது ஆள் நில்லுங்கள், கீழே நரம்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றேன். வருவதாக ஒத்துக்கொண்டார். ஈஈஜிக்குத் தேதி வாங்கியாயிற்று, அடுத்த புதன்கிழமை. முதல் நாள் தலைக்கு எண்ணெய் வைக்காமல், வெந்நீர் இல்லாமல், ஷாம்பு போட்டு அலசி அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன்.